இரண்டு மாதங்களின் கணக்கு

அஸர் தொழுகை முடிந்து பள்ளிவாசல் தாழ்வாரத்தில் அமர்ந்திருந்தேன். எங்கள் மஹல்லாவைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் ஸலாம் கூறி அருகில் வந்து அமர்ந்தார். அவர் கையிலிருந்த பையில் ஸ்கேன் படங்களும் இரத்தப் பரிசோதனை அறிக்கைகளும் ஒரு மருத்துவ ஆய்வுக் கட்டுரையின் நகலும் இருந்தன. அவருடைய வாப்பாவுக்கு நுரையீரலில் புற்றுநோய். அதிலும் ‘சிறு செல்’ என்னும் வகை. உடலின் மற்ற பகுதிகளுக்கும் பரவிவிட்டது. ஐம்பது ஆண்டுகளாகப் பீடியை விடாதவர் அவர்.

“ஹஜ்ரத், கீமோதெரபியோடு புதிய மருந்து ஒன்றையும் சேர்த்துக் கொடுக்கலாம் என்கிறார் டாக்டர். தவணைக்குத் தவணை இலட்சக் கணக்கில் ஆகுமாம். இந்தத் தாளைப் பார்த்தால் அதனால் கிடைப்பது இரண்டே மாதம் என்றிருக்கிறது. இரண்டு மாதத்துக்காக வீட்டை விற்பதா?”

நான் மருத்துவன் அல்லன். கலைக் கல்லூரியில் வரலாறு படித்துவிட்டு மதரஸாவில் பாடம் நடத்துகிறவன். உடனே பதில் கூற எனக்குத் தகுதியில்லை என்று கூறி, அந்த நகலை இரவல் வாங்கிக்கொண்டேன். அதையும் அதனோடு தொடர்புடைய வேறு ஆய்வுகளையும் படித்து, புரியாத இடங்களை அறிமுகமான மருத்துவர் ஒருவரிடம் கேட்டுத் தெளிந்தேன். அவ்விளைஞருக்குச் சொன்னவற்றையே இங்கு விரித்து எழுதுகிறேன். இதே கேள்வியோடு வேறு இல்லங்களிலும் எவரேனும் உறக்கமின்றி இருக்கக்கூடும்.

நுரையீரல் புற்றுநோய்களில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கே சிறு செல் வகை. உருப்பெருக்கியில் அதன் செல்கள் மிகச் சிறியவையாக, ஓட்ஸ் தானியத்தை ஒத்துத் தோன்றியதால் முற்காலத்தில் ‘ஓட்ஸ் செல்’ புற்றுநோய் என்றும் அழைத்தனர். புகைப்பழக்கத்தோடு மிக நெருங்கிய உறவுடைய நோய் இது. புகைக்காதவருக்கு வருவது அரிது. இதன் கொடுமை அதன் வேகத்தில் இருக்கிறது. நோய் கண்டறியப்படும்போதே மூவரில் இருவருக்கு அது மார்பைத் தாண்டிக் கல்லீரல், எலும்பு, மூளை என்று பரவியிருக்கும். ஆகவே அறுவை சிகிச்சைக்கு இதில் இடம் மிகக் குறைவு.

இந்நோய்க்கு இன்னொரு விந்தையான குணமும் உண்டு. முதலில் கொடுக்கப்படும் கீமோதெரபிக்கு அது எளிதில் பணிந்துவிடும். மூச்சுவிடத் திணறியவர் இரண்டாம் தவணை முடிவதற்குள் எழுந்து நடமாடுவார். குடும்பத்தார் ‘குணமாகிவிட்டது’ என்று மகிழ்ந்து இனிப்பு வழங்குவார்கள். ஆனால் பெரும்பாலோருக்குச் சில மாதங்களில் நோய் திரும்பி வருகிறது. திரும்பி வரும்போது பழைய மருந்துக்கு முன்போல் கட்டுப்படுவதில்லை. பரவிய நிலையில் உள்ளவர்களைப் பற்றிய ஆய்வுகளில் பத்து மாதங்கள் என்ற எண் மீண்டும் மீண்டும் வருவதற்குக் காரணம் இதுவே.

அந்தக் கீமோதெரபியும் புதியதன்று. அதிலுள்ள மருந்துகள் இரண்டு. எட்டோபோசைடு என்பது, இமயமலையிலும் அமெரிக்கக் காடுகளிலும் வளரும் ஒரு செடியினத்தின் வேரிலிருந்து கிடைக்கும் பொருளை அடிப்படையாகக் கொண்டு ஆக்கப்பட்டது. மற்றது பிளாட்டினம் என்னும் விலையுயர்ந்த உலோகத்தின் கூட்டுப்பொருள். 1965இல் அமெரிக்காவில் பார்னெட் ரோசன்பர்க் என்னும் அறிஞர், மின்சாரம் பாக்டீரியாக்களை எவ்வாறு பாதிக்கிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். அவை பிளவுபடுவதை நிறுத்தியது மின்சாரமன்று, தாம் பயன்படுத்திய பிளாட்டினம் தகட்டிலிருந்து கரைந்த பொருளே என்று கண்டார். அதிலிருந்து சிஸ்பிளாட்டினும் பின்னர் கார்போபிளாட்டினும் பிறந்தன. 1980களில் இவ்விரு மருந்துகளும் இணைந்தன. அதன் பிறகு முப்பதாண்டுகள் எத்தனையோ மருந்துகள் வந்து போயின. இந்த இணையை எதுவும் அசைக்கவில்லை.

அசைத்துவிட்டதாக ஒருமுறை எண்ணியதுண்டு. 2002இல் ஜப்பானிய மருத்துவர்கள் எட்டோபோசைடுக்குப் பதிலாக இரினோட்டிகான் என்னும் மருந்தைக் கொடுத்துப் பார்த்தனர். 154 நோயாளிகளைக் கொண்ட அச்சோதனையில் 9.4 மாதம் என்பது 12.8 மாதமாக உயர்ந்தது. உலகமே வியந்தது. அமெரிக்காவில் 651 நோயாளிகளைக் கொண்டு அதையே மீண்டும் சோதித்தார்கள். அங்கு கிடைத்தவை 9.9, 9.1 என்னும் எண்கள். தற்செயல் என்று கொள்ளத்தக்க அளவே வேறுபாடு. ஒருமுறை கண்ட நற்செய்தியை மறுமுறையும் சோதித்துப் பார்க்காமல் நம்பலாகாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

இனி, புதிய மருந்தின் செய்திக்கு வருவோம். நம் இரத்தத்தில் டி செல்கள் என்னும் காவலர்கள் இருக்கின்றன. உடலுக்கு அந்நியமானதைக் கண்டால் அவை தாக்கி அழிக்கும். ஆனால் அக்காவலர்கள் எல்லை மீறி நம் சொந்த உறுப்புகளையே தாக்கிவிடாதபடி அவற்றுக்குப் பிரேக் போன்ற அமைப்புகளையும் வைத்திருக்கிறான் இறைவன். புற்றுநோய்ச் செல்களோ அந்தப் பிரேக்கை மிதித்துக் காவலர்களை நிறுத்திவிட்டுத் தப்பித்துக் கொள்கின்றன. பி.டி.1 என்னும் பிரேக்கை 1992இல் கண்டறிந்தது கியோட்டோ நகரில் தாசுகு ஹோன்ஜோவின் ஆய்வுக்குழு. சி.டி.எல்.ஏ.4 என்னும் வேறொரு பிரேக்கைத் தடுத்தால் எலிகளின் புற்றுநோய் கரைகிறது என்று காட்டியவர் அமெரிக்கரான ஜேம்ஸ் அலிசன். இருவருக்கும் 2018இல் நோபல் பரிசு கிடைத்தது. கீமோதெரபி போல் புற்றுநோய்ச் செல்லைத் தானே கொல்லாமல், பிரேக்கை விடுவித்துக் காவலர்களைக் கொல்லவிடுவதே இவ்வகை மருந்தின் வேலை.

சிறு செல் நோய்க்கு இது பொருந்தும் என்று நம்ப நல்ல காரணமும் இருந்தது. புகையிலை நச்சு பல ஆண்டுகளாகச் செல்லின் மரபுப் பொருளைச் சிதைத்து விடுவதால், இந்நோயின் செல்கள் இயல்பான செல்களினின்று பெரிதும் மாறுபட்டவை. அவ்வளவு அந்நியமான ஒன்றைக் காவலர்கள் எளிதில் இனங்காணுவர் என்பது வாதம். கீமோதெரபியால் சிதையும் செல்களின் துண்டுகள் காவலர்களுக்கு மேலும் அடையாளம் காட்டிக் கொடுக்கும் என்பது இன்னொரு வாதம். ஆகவே இரண்டையும் ஒன்றாகக் கொடுத்தால் பயன் மிகும் என்றனர்.

கேட்பதற்கு எவ்வளவு பொருத்தமாக இருக்கிறது! ஆயினும் முதற்பெரும் சோதனை தோற்றது. இபிலிமுமாப் என்பது சி.டி.எல்.ஏ.4 பிரேக்கை விடுவிக்கும் மருந்து. அதைக் கீமோதெரபியோடு சேர்த்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் சோதித்து, 2016இல் முடிவை வெளியிட்டார்கள். மருந்து பெற்றவர்களுக்கு 11.0 மாதம், பெறாதவர்களுக்கு 10.9 மாதம். அறிவுக்கு ஒத்த காரணமும் ஆய்வுக்கூடச் சான்றும் நோபல் பரிசு பெறத்தக்க கண்டுபிடிப்பும் ஒன்றுசேர்ந்திருந்தும், நோயாளியின் உடலில் பலன் விளையவில்லை. ‘இது நிச்சயம் பலன் தரும்’ என்று பேசுவோர் இந்த 0.1 மாதத்தை ஒரு கணம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இளைஞர் கொண்டுவந்த தாள் இதற்கு அடுத்த சோதனையைப் பற்றியது. இம்பவர் 133 என்பது அதன் பெயர். 21 நாடுகளில் 403 நோயாளிகள் அதில் சேர்ந்தனர். அனைவருக்கும் நோய் பரவியிருந்தது. அதற்கென எவரும் முன்பு மருந்து பெற்றதில்லை. அனைவருக்கும் கார்போபிளாட்டினும் எட்டோபோசைடும் மூன்று வாரங்களுக்கு ஒருமுறை நான்கு தவணைகள் கொடுப்பதென்பது திட்டம். அவர்களில் 201 பேருக்கு அத்துடன் அட்டிசோலிசுமாப் என்னும் மருந்து. மற்ற 202 பேருக்கு அதே போன்று தோன்றும் வெற்று மருந்து. நான்கு தவணைகளுக்குப் பின்னும் அவரவருக்குரிய அந்த மருந்து தொடர்ந்தது. யாருக்கு எது என்பதை முடிவு செய்தது குலுக்கல் முறை. நோயாளிக்கும் தெரியாது, மருந்தேற்றும் மருத்துவருக்கும் தெரியாது.

“அப்படியானால் பாதிப் பேரை ஏமாற்றினார்களா?” என்று என் இல்லத்தரசி கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தப் பாதிப் பேருக்கு அன்றைய நாளில் உலகின் எந்தப் பெரிய மருத்துவமனைக்குச் சென்றாலும் கிடைத்திருக்கக்கூடிய சிகிச்சை முழுமையாகக் கிடைத்தது. வெற்று மருந்து கிடைக்கக்கூடும் என்பதும் முன்னதாகவே சொல்லப்பட்டுக் கையொப்பம் பெறப்பட்டது. மேலும், புதிய மருந்து நன்மையா தீமையா என்பது அன்று எவருக்கும் தெரியாது. இபிலிமுமாபின் தோல்வி எல்லார் நினைவிலும் இருந்தது. குலுக்கல் இல்லாமல் மருத்துவரே தேர்ந்தெடுத்திருந்தால், சற்றுத் தெம்புள்ளவர்களுக்கே புதியதைக் கொடுத்திருப்பார். பிறகு அவர்கள் நீடித்திருந்தது மருந்தாலா தெம்பாலா என்று எவ்வாறு பிரித்தறிவது?

2018 செப்டம்பரில் டொரண்டோ நகரில் முடிவு அறிவிக்கப்பட்டது. கீமோதெரபி மட்டும் பெற்றவர்களுக்கு 10.3 மாதம், புதிய மருந்தும் பெற்றவர்களுக்கு 12.3 மாதம். இதுவே அந்த ‘இரண்டு மாதம்’.

இங்குதான் சற்று நின்று கவனிக்க வேண்டும். இந்த 12.3 என்பது கூட்டிக் கழித்து வகுத்த சராசரி அன்று. ‘உங்கள் வாப்பா 12.3 மாதம் இருப்பார்’ என்று பொருளும் அன்று. என் வகுப்பில் 21 மாணவர்களை உயர வரிசைப்படி நிறுத்தினால் பதினோராவது மாணவன் நடுவில் நிற்பான். அவனுடைய உயரமே இந்த எண். வரிசையின் கடைசியில் நிற்கும் நால்வர் ஆளுக்கு ஓர் அடி வளர்ந்துவிட்டாலும், நடுவில் நிற்பவனின் உயரம் மாறாது. அளவு நாடாவில் பழைய எண்ணே வரும். அதுபோல் வாழ்நாள் வரிசையில் நடுவில் நின்றவருக்கு மட்டும் 10.3 என்பது 12.3 ஆயிற்று. வரிசையின் கடைக்கோடியில் என்ன நடந்தது என்று அந்த எண் சொல்லவே சொல்லாது.

அதை அறிய வேறு எண்களைப் பார்க்க வேண்டும். ஓராண்டு முடிவில் உயிரோடிருந்தோர் ஒரு பிரிவில் 100க்கு 38.2 பேர், புதிய மருந்துப் பிரிவில் 51.7 பேர். இன்னும் தொலைவுக்குப் போக, காஸ்பியன் என்னும் மற்றொரு சோதனை உதவுகிறது. அதன் முதல் முடிவுகள் 2019இல் வெளிவந்தன. அதில் டர்வலுமாப் என்னும் மருந்து. இதில் வெற்று மருந்து கிடையாது, யாருக்கு எது என்பது எல்லாருக்கும் தெரியும். கீமோதெரபி மட்டும் பெற்றவர்களுக்கு நான்குக்குப் பதில் ஆறு தவணைகள் வரை கொடுக்கவும் இடமளிக்கப்பட்டது. அப்படியிருந்தும் அவர்களின் நடு எண் அதே 10.3 மாதம், டர்வலுமாப் சேர்த்தவர்களுக்கு 13.0 மாதம். வேறு மருந்து, வேறு நோயாளிகள், ஏறத்தாழ அதே விளைவு. ஜப்பானிய மருந்துக்கு வாய்க்காதது இதற்கு வாய்த்தது.

அந்நோயாளிகளை மூன்றாண்டுகள் வரை தொடர்ந்து பார்த்தபோது உயிரோடிருந்தோர் 100க்கு 5.8 பேர் என்பது 17.6 பேர் ஆகியிருந்தது. ஆறு பேர் இருந்த இடத்தில் ஏறத்தாழ பதினெட்டுப் பேர். இதை ‘இரண்டு மாதம்’ என்று சொல்வது முழு உண்மையாகாது. ‘மூன்று மடங்கு’ என்று மட்டும் சொல்வதும் முழு உண்மையாகாது. ஏனெனில் எஞ்சிய எண்பத்திரண்டு பேர் மூன்றாண்டுக்குள் மறைந்துவிட்டனர். பலருக்குச் சிறிய பயன், அல்லது பயனே இல்லை. சிலருக்குப் பெரும் பயன். அந்தச் சிலர் யார் என்று முன்கூட்டியே காட்டும் நம்பத்தக்க அடையாளம் இன்றளவும் நிறுவப்படவில்லை.

என்னை மிகவும் வியக்க வைத்தது வேறொரு எண். இம்பவர் சோதனையில் கட்டி கணிசமாகச் சுருங்கியவர்கள் புதிய மருந்துப் பிரிவில் 100க்கு 60 பேர். வெற்று மருந்துப் பிரிவில் 64 பேர். அதாவது புதிய மருந்து கட்டியைக் கூடுதலாகச் சுருக்கவே இல்லை! ‘ஸ்கேனில் நன்றாகச் சுருங்கியிருக்கிறது, மருந்து வேலை செய்கிறது’ என்று நாம் அகமகிழும் அந்தச் சுருக்கம் கீமோதெரபியின் வேலை. புதிய மருந்தின் பயன், ஒரு சிலரிடம் நோய் திரும்பாதபடி காவல் நிற்பதில் தெரிகிறது. அதைக் கண்டறிய ஸ்கேன் படம் போதாது. காலம் கடக்க வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்க மறுபிரிவும் வேண்டும்.

அவசரப்பட்டால் என்ன நேரும் என்பதற்கும் இதே நோயில் சான்று உண்டு. நிவோலுமாப் என்னும் மருந்துக்கு 2018இல் அமெரிக்க அரசு, மறுபிரிவு இல்லாத சிறு ஆய்வை நம்பி, பிற சிகிச்சைகள் தோற்றவர்களுக்குக் கொடுக்கத் தற்காலிக ஒப்புதல் அளித்தது. பின்னர் வந்த பெரிய சோதனைகளில் வாழ்நாள் கூடவில்லை. 2020 இறுதியில் அந்த ஒப்புதல் திரும்பப் பெறப்பட்டது. பெம்ப்ரோலிசுமாப் என்னும் மருந்தைக் கீமோதெரபியோடு சேர்த்துச் சோதித்தபோது 9.7 மாதம் 10.8 ஆயிற்று, ஆனால் வெற்றி என்று சொல்ல முன்கூட்டியே வகுத்திருந்த கோட்டை மயிரிழையில் தவறவிட்டது. ஆய்வாளர்களும் கோட்டை நகர்த்தாமல் அப்படியே எழுதினார்கள். ஓர் ஆசிரியன் என்ற முறையில் அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது. 34 மதிப்பெண் எடுத்த மாணவனுக்கு ஒன்றைக் கூட்டிப் போட்டுவிடும் மனம் எனக்கே உண்டு.

இந்தச் சோதனைகளில் யாரைச் சேர்க்கவில்லை என்பதையும் பார்க்க வேண்டும். இம்பவரில் சேர்ந்த 403 பேரும் எழுந்து நடமாடித் தம் வேலைகளைத் தாமே செய்துகொள்ளக் கூடியவர்கள். படுக்கையிலேயே கிடப்பவர் அதில் ஒருவரும் இல்லை. உடலின் காவலர்களே உடலைத் தாக்கும் முடக்குவாதம் போன்ற நோயுள்ளவர்களையும் பொதுவாகத் தவிர்த்திருந்தனர். இந்த எண்களை அத்தகையவர்களுக்கு அப்படியே பொருத்துவது சரியன்று.

பிரேக்கை விடுவித்தால் வண்டி வேண்டாத இடத்திலும் ஓடும். காவலர்கள் சொந்த உடலையே தாக்கியதால் வந்த தொல்லைகள் புதிய மருந்துப் பிரிவில் 100க்கு 40 பேருக்கு. மறுபிரிவில் 25 பேருக்கு. பெரும்பாலும் தோல் தடிப்பும் தைராய்டு குறைவும்தான். ஆனால் குடல், நுரையீரல், கல்லீரல் பாதிக்கப்பட்டால் உயிருக்கே ஆபத்து. ஓயாத வயிற்றுப்போக்கோ புதிதாக மூச்சுத்திணறலோ கண்டால், மருந்து நிறுத்திப் பல மாதங்கள் ஆகியிருந்தாலும், உடனே மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். ‘நோயின் முதிர்ச்சிதான்’ என்று வீட்டிலேயே முடிவு கட்டிவிடக் கூடாது. ஸ்டீராய்டு மருந்தால் பெரும்பாலும் அடக்கிவிடலாம்.

விலை பற்றி ஒரு சொல். மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையின் மருத்துவர்கள் தலை, கழுத்துப் புற்றுநோயில் நிவோலுமாபை வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக, வெறும் 20 மில்லிகிராம் கொடுத்துச் சோதித்தார்கள். ஓராண்டு வாழ்ந்தோர் 100க்கு 16 என்பது 43 ஆயிற்று. இது வேறு நோய். உடன் கொடுத்த மருந்துகளும் வேறு. சிறு செல் நோய்க்கும் குறைந்த அளவு போதும் என்று எவரும் இதைக் கொண்டு முடிவு செய்யக் கூடாது. ஆயினும் ‘எவ்வளவு கொடுத்தால் போதும்?’ என்பதையும் சோதனையால் கேட்கலாம், அதை நம் நாட்டிலேயே கேட்கிறார்கள் என்பதற்காகக் குறிப்பிட்டேன்.

நோய் இன்னும் பரவாமல் மார்புக்குள் அடங்கியிருப்பவர்களுக்கு 2024இல் பெரிய செய்தி வந்தது. கீமோதெரபியும் கதிர்வீச்சும் முடிந்து, நோய் முன்னேறாமல் இருந்தவர்களுக்கு அதன் பின்னர் டர்வலுமாப் கொடுத்தார்கள். வெற்று மருந்து பெற்றவர்களின் நடு எண் 33.4 மாதம், இவர்களுடையது 55.9 மாதம். இங்கு இடைவெளி இரண்டு மாதமன்று, ஏறத்தாழ இரண்டாண்டு. தொடர் இருமலையும் சளியில் இரத்தத்தையும் ‘பீடி இருமல்’ என்று தள்ளிப்போடும் பெரியவர்கள் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள்.

ஒரு வாரம் கழித்து அந்த இளைஞரை அழைத்து இவற்றையெல்லாம் கூறினேன். வீட்டை விற்பதா வேண்டாமா என்று நான் சொல்லவில்லை. சொல்வது என் வேலையுமன்று. மருத்துவரிடம் கேட்க மூன்று கேள்விகளை மட்டும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன்: வாப்பாவின் உடல்நிலை அந்தச் சோதனையில் சேர்ந்தவர்களின் நிலையை ஒத்திருக்கிறதா? புதிய மருந்தைத் தவிர்த்துக் கீமோதெரபி மட்டும் கொடுத்தால் இழப்பது என்ன? மருந்து நிறுவனத்தின் விலைச் சலுகைத் திட்டம் ஏதும் உண்டா?

“முதல் கேள்விக்கு விடை எனக்கே தெரியும், ஹஜ்ரத். வாப்பா இன்றைக்கும் பஜ்ருக்கு நடந்துதானே வந்தார்கள்” என்றார்.

மூன்றாம் கேள்விக்கு விடை ‘உண்டு’ என்று வந்தது. சலுகை போக எஞ்சியதைச் சகோதரர்கள் மூவரும் பங்கிட்டுக் கொண்டார்கள். வீடு இன்னும் அவர்களிடமே இருக்கிறது. இரண்டு தவணைகள் முடிந்துவிட்டன. மூன்றாவது அடுத்த வியாழக்கிழமை.